மூச்சுக்கான ஆய்வும் நமக்கான இடமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஜூஜுவாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்கென்று கூடிய சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு நோயைப் பற்றியும், அதன்மேல் நடந்த மருத்துவ ஆய்வுகளைப் பற்றியும் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தம் உண்டு. கல்வி வேலைக்கு வழிகாட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. நம் உடலின்மீது நமக்குள்ள உரிமையை நமக்கு அறிவிப்பதும் கல்வியே. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பிறர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தோம். அத்தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கும் நிலையில் அன்று நாம் இல்லை. இன்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு மருத்துவமனை வாயிலில் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதே என் பேச்சின் கரு.

முதலில் நோயைக் கூறுகிறேன். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். சளி இறுகும் நோய் என்று நாம் புரிந்துகொள்ளலாம். நம் உடலின் உயிரணுக்களில் உப்பும் நீரும் சென்றுவரச் சிறு வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை வாயில் பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதுதான் இந்நோய். வாயில் பழுதானால் சளி நீர்த்தன்மையை இழந்து பசைபோல் இறுகுகிறது. நுரையீரலில் அது தேங்கினால் கிருமிகள் குடியேறி, இருமலும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருகின்றன. கணையத்தின் குழாய்களை அது அடைத்தால் உண்ட கொழுப்புச் செரிப்பதில்லை. மலம் எண்ணெய்ப்பசையோடு மிகுதியாகப் போகும். பிள்ளை எவ்வளவு உண்டாலும் தேறுவதில்லை. வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுவதால் கோடை வெயிலில் பிள்ளை துவண்டு விழும். குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாய் சொன்னால், அந்தச் சொல்லை மருத்துவர் அலட்சியம் செய்தலாகாது.

இந்நோயைத் தனி நோயென்று 1938இல் விளக்கியவர் நியூயார்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்த டாரத்தி ஆண்டர்சன் என்னும் பெண்மணி. பெண் என்ற காரணத்தால் அறுவை மருத்துவப் பயிற்சியில் இடம் மறுக்கப்பட்டவர் அவர். கதவு ஒன்று அடைக்கப்பட்டபோது, இறந்த குழந்தைகளின் உடற்கூறுகளை ஆராயும் துறைக்குச் சென்றார். செரிமானக் கோளாறு என்று எழுதப்பட்டிருந்த பல சாவுகளுக்குப் பின்னே வேறொரு நோய் ஒளிந்திருப்பதைக் கண்டார். மறுக்கப்பட்டவர்களின் வரலாறு அறிந்த நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

1948இல் நியூயார்க் நகரை வெப்ப அலை தாக்கியது. வெயிலில் மயங்கிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இந்நோய் உடையோர் பலர் இருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த பால் டி சான்டாக்னீஸ், 1953இல் இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை நிறுவினார். 1959இல் கிப்சன், குக் என்னும் இருவர், தோலில் சிறிதளவு மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் செலுத்தி வியர்வையைச் சேகரித்து அளக்கும் முறையை வகுத்தனர். அந்த வியர்வைச் சோதனைதான் இன்றுவரை இந்நோயை உறுதிசெய்யும் அடிப்படைச் சோதனை. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதற்கான வலுவான சான்று. 30க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் இந்நோய் இல்லை. வயலிலும் ஆலையிலும் வியர்வை சிந்தியே வாழும் மக்கள் நாம். அந்த வியர்வை ஓர் உண்மையையும் உரைக்கும் என்பதை இங்கே காண்கிறோம்.

வியர்வையில் உப்பு ஏன் மிகுகிறது என்ற கேள்விக்கு 1983இல் விடை கண்டவர் பால் குவின்டன் என்னும் அறிவியலாளர். அவரே இந்நோய் உடையவர். வியர்வைச் சுரப்பியில் குளோரைடு செல்லும் வழி அடைபட்டிருப்பதை அவர் காட்டினார். நோயாளி ஆய்வுக்குக் கிடத்தப்படும் பொருள் மட்டுமல்லர், ஆய்வாளராகவும் ஆகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. 1989இல் லாப்-சீ சுய், ஜான் ரியார்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தன. அதன் வழியே பழுதுபட்ட வாயிலையே திருத்தும் மாத்திரைகள் பிறந்தன. முதல் மாத்திரை 2012இலும், பெரும்பாலான மேலைநாட்டு நோயாளிகளுக்குப் பயன்படும் மூன்று மருந்துக் கூட்டு 2019இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 1950களில் இந்நோயோடு பிறந்த பிள்ளைகளுள் பலர் பள்ளி செல்லும் வயதைக்கூட எட்டவில்லை. இன்று அமெரிக்காவில் பிறக்கும் இத்தகைய குழந்தையின் எதிர்பார்க்கப்படும் வாழ்நாள் 60 ஆண்டுகளைத் தாண்டுகிறது. இடையே நிகழ்ந்தது அற்புதமன்று, படிப்படியான ஆய்வே.

அந்த ஆய்வு எவ்வாறு நடக்கிறது? நம் ஊர் உழவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். புதிய உரம் ராகிக்கு நல்லதா என்று அறிய வேண்டுமானால், மேட்டு நிலத்தில் பழைய உரத்தையும் பள்ள நிலத்தில் புதிய உரத்தையும் இட்டுப் பார்ப்பது தவறு. விளைச்சல் கூடினால் அது உரத்தாலா, நீராலா என்று தெரியாது. நிலத்தைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் இரு உரங்களும் சமமாக நிற்கும். மருத்துவ ஆய்விலும் அவ்வாறே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குகின்றனர். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்து. மறு பிரிவுக்குப் பழைய மருந்து, அல்லது மருந்துபோல் தோன்றும் வெற்றுப்பொருள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஒரே மூச்சில், முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது, எத்தனை முறை நோய் முற்றியது, எடை கூடியதா என்பவற்றை அளந்து ஒப்பிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவில் கடலலைச் சறுக்கு விளையாடும் நோயாளிகளின் நுரையீரல் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். கடலின் உப்பு நீர்த்திவலை காரணமாகலாம் என்று ஐயுற்றனர். ஐயத்தோடு நில்லாமல் 164 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நூற்றுக்கு ஏழு பங்கு உப்புள்ள நீரையும், மறு பிரிவினருக்குச் சாதாரண உப்பு நீரையும் புகையாக்கி 48 வாரங்கள் சுவாசிக்கச் செய்தனர். 2006இல் முடிவு வெளியாயிற்று: அடர்ந்த உப்பு நீரைச் சுவாசித்தவர்களுக்கு நோய் முற்றும் வேளைகள் பெரிதும் குறைந்தன. உப்பைவிட மலிவான மருந்து உண்டா? ஏழைக்கு எட்டும் மருந்தும் ஆய்வின் வழியாகவே கிடைக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். இது வெள்ளையர் நோய், இந்தியாவில் இல்லை என்றே நெடுங்காலம் மருத்துவ உலகம் கருதியிருந்தது. 1968இல்தான் இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பது பற்றிய கட்டுரைகள் நம் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. நோய் இல்லாததால் காணப்படவில்லையா, தேடாததால் காணப்படவில்லையா? தேடாததே காரணம். ஏழைக் குழந்தை இருமினால் காசநோய் என்றனர். இளைத்தால் சத்துக்குறைவு என்றனர். இறந்தால் விதி என்றனர். வியர்வைச் சோதனைக்கு வேண்டிய அயல்நாட்டுக் கருவியின் விலையோ பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டவில்லை. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் காப்ராவின் குழுவினர், வியர்வை சேகரிக்கும் முறையை உள்நாட்டிலேயே உருவாக்கி 2002இல் வெளியிட்டனர். அவர்கள் ஆய்வுகளின் பயனாக நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே கண்டறியப்பட்டனர். நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோயாளிகளைக் கவனித்து ஆராய்கின்றனர். ஆயினும் இந்நோய் எத்தனை பிறப்புக்கு ஒன்று என்பதில், பத்தாயிரத்தில் ஒன்று முதல் இலட்சத்தில் ஒன்று வரை மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. எண்ணப்படாத மக்களின் நோயும் எண்ணப்படுவதில்லை.

இதன் விளைவு மருந்துக் கடை வரை வருகிறது. இம்மரபணுவில் 2,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய வழிவந்தோரிடம் ஒரு மாற்றமே மிகப் பெரும்பான்மை. 2019ஆம் ஆண்டின் மருந்து அந்த மாற்றத்தை முன்வைத்தே உருவாக்கப்பட்டது. இந்திய நோயாளிகளிடம் அம்மாற்றம் அந்த அளவுக்கு இல்லை. வேறு பல மாற்றங்கள் பரந்து கிடக்கின்றன. அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களுக்கும் ஆசியருக்கும் அம்மருந்து பொருந்தும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் குறைவு. யாரை ஆராய்ந்தார்களோ அவருக்கே மருந்து பொருந்துகிறது. ஆய்வில் இடம் பெறாதவர் மருந்திலும் இடம் பெறார். ஊர்ப் பொதுக் கிணற்றில் இடம் கேட்டுப் போராடிய நாம் இந்த உண்மையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

ஏழைகள் ஆய்வில் பங்குகொண்டால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையே பெருஞ்சான்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. அக்காலத்தில் காசநோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வும் ஊட்டமும் பெற்றால்தான் பிழைப்பார் என்பது நம்பிக்கை. படுக்கைகளோ மிகச் சில, நோயாளிகளோ இலட்சக்கணக்கில். மருத்துவர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். உணவும் ஓய்வும் குறைவு. சுகாதார ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலேயே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை அது மாற்றியது. சென்னையின் ஏழைகள் தம் உடலால் எழுதிய பாடத்தை உலகம் படித்தது. அம்மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவர்களை உண்மை சொல்லாமல் ஆராய்ந்தனர். பென்சிலின் கிடைத்த பின்னும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. நம் நாட்டில் 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி பெற்றோரில் பலர் பழங்குடிச் சிறுமியர். பெற்றோரின் இசைவுக்கு மாறாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையொப்பமிட்டிருந்தனர். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி கெட்டது என்பதன்று குற்றச்சாட்டு. கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற நாம் இதை மறக்கலாமா?

ஆகவே ஆய்வைக் கண்டு ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழையவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நமக்குச் சில உரிமைகளை வழங்கியுள்ளன. ஆய்வின் நோக்கம், அபாயம், மாற்று மருத்துவம் ஆகியவற்றை நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். இங்கே ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கின்றன. எந்த மொழி நமக்குப் புரியுமோ அந்த மொழியில் கேட்க நமக்கு உரிமை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். இசைவுப் படிவத்தின் நகல் நம் கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான மருத்துவத்தை மறுக்கக்கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும், விதிப்படி இழப்பீடும் உண்டு. ஆய்வை அனுமதிக்கும் அறநெறிக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்களுள் ஒருவரும் ஒரு பெண்ணும் இருந்தாக வேண்டும். அந்தப் பொதுமக்களுள் ஒருவர் நம் தெருவைச் சேர்ந்தவராக ஏன் இருக்கக்கூடாது?

இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கும் தம்பிகளுக்கு ஒரு சொல். நோயற்றவர்களுக்குப் பணம் தந்து, மருந்து உடலில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் ஆய்வுகள் பெங்களூர் உள்ளிட்ட நகரங்களில் நடக்கின்றன. வேலையற்ற மாதத்தில் அந்தப் பணம் பெரிதாகத் தோன்றும். படிவத்தை முழுதும் படியாமல் கையெழுத்திடாதீர்கள். ஓர் ஆய்வு முடிந்து போதிய இடைவெளி விடாமல் மற்றொன்றுக்குப் போகாதீர்கள். உங்கள் இரத்தம் உங்களுடையது.

விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் அம்மூன்று மருந்துக் கூட்டுக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை, ஒருவருக்கு ஓராண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல். நம் கணக்கில் கோடிகள். 2023இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் ஆகிய நாடுகளின் நோயாளிக் குடும்பங்கள் ஒருசேர எழுந்து, காப்புரிமையால் மருந்து எட்டாத நிலையை எதிர்த்துச் சட்டவழியில் முறையிட்டன. நம் அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்நோயும் இடம் பெற்றுள்ளது. அக்கொள்கையின்கீழ் அமைந்த சிறப்பு மையங்களுள் ஒன்று, அத்திப்பள்ளியைக் கடந்தால் எட்டிவிடும் பெங்களூரில், மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் இணைந்து நடத்துவது. எல்லைச் சாவடியைத் தினமும் வேலைக்காகக் கடக்கும் நாம், பிள்ளையின் மருத்துவத்திற்காகவும் அதைக் கடக்கத் தயங்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. இந்நோய் ஒட்டுவதன்று, பாவத்தாலோ தெய்வக் குற்றத்தாலோ வருவதுமன்று. தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாகப் பழுதுபட்ட இரு மரபணுக்கள் சேரும்போதே வருகிறது. பெற்றோர் இருவரும் நலமாக இருப்பர். ஆயினும் ஒவ்வொரு பிறப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாயை மட்டும் பழிப்பது அறியாமை. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது இவ்வாய்ப்பு கூடுகிறது. சாதிக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம்தான் சாதியின் உயிர்நிலை என்று 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். நூறாண்டு கழித்து, தெற்காசியாவின் பல குழுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்ததால் இத்தகைய மறைந்துவரும் நோய்கள் அவற்றில் பெருகும் என்று மரபியல் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினர். சாதி சமூகத்தை மட்டும் நோயாக்கவில்லை; உடலையும் நோயாக்குகிறது. மேல்சாதி எனப்படுவோருக்கும் இதில் விலக்கில்லை.

இளைஞர்களே! உங்கள்முன் மூன்று கடமைகளை வைக்கிறேன். மாதந்தோறும் இருமலோடு மருத்துவமனை ஏறி இறங்கும் பிள்ளை நம் தெருவில் இருந்தால், காசநோய் மருந்துக்கும் தேறாமல் இளைத்தால், வியர்வைச் சோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேள்வி கேட்பது அவமரியாதையன்று. இரண்டாவது, எந்தப் படிவத்தையும் படித்துக் காட்டும் பணியை இச்சங்கம் ஏற்கட்டும். ஞாயிறுதோறும் ஒருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்தால் போதும். மூன்றாவது, செவிலியராக, ஆய்வுக்கூட உதவியாளராக, புள்ளியியல் படித்தவராக, மருத்துவராக ஆய்வின் மறுபுறத்திலும் சென்று அமருங்கள். 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உள்ளது. அதன் வகுப்பறையில் நம் பிள்ளைகள் அமர்ந்தால்தான், எந்த நோயை ஆராய்வது, யாரைச் சேர்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்ற முடிவுகளில் நம் குரலும் ஒலிக்கும்.

ஆராயப்படுவோராக மட்டும் இருந்தது போதும். ஆராய்வோராகவும் ஆவோம். அதற்கான எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் இச்சங்கம் பொன்விழாவும் காண வாழ்த்துகிறேன்.